ஒண்ணுமே மாட்டாத தொட்டிகள்

வணக்கம் சார். டார்க் மேட்டர தேடுறோம்னு பூமிக்கடியில தொட்டி கட்டுறாங்க, ஒண்ணும் மாட்டல, உடனே அதவிடப் பெருசா கட்டுறாங்க, அதுலயும் மாட்டல. இல்லாத ஒண்ணத்தான் தேடுறாங்களோ?
- ஒரு வாசகர்

வணக்கம். இல்லவே இல்லன்னு சொல்றதும் தொட்டியில மாட்டலன்னு சொல்றதும் வேற வேற. கேலக்ஸிங்க சுத்துற வேகத்தப் பாத்தாலே கண்ணுக்குத் தெரியாத நிறை நிறைய இருக்குன்னு தெரியுது, தொட்டி கேக்குறது அது சாதாரண அணு மேல மோதுமா, எவ்ளோ அபூர்வமா மோதும்னுதான்.

அமெரிக்காவுல சவுத் டகோட்டாவுல ஒரு பழைய தங்கச் சுரங்கத்துக்குள்ள, கிட்டத்தட்ட 1.5 கிலோமீட்டர் ஆழத்துல, 10 டன் திரவ செனானோட (குளிர வெச்சு திரவமாக்கின ஒரு வாயு) எல்இசட்னு ஒரு டிடெக்டர் இருக்கு. ஏதாவது வந்து செனான் அணுக்கருவ இடிச்சா துளியூண்டு வெளிச்சம் வரும், அங்க கழண்ட எலக்ட்ரானுங்க மேல ஏறிப்போனதும் இன்னொரு வெளிச்சம், இந்த ரெண்டையும் ஒப்பிட்டுத்தான் அடி வாங்கினது டார்க் மேட்டர் இடிக்கும்னு எதிர்பாக்குற கருவா, சாதாரண கதிர்வீச்சு இடிக்கிற எலக்ட்ரானான்னு பிரிக்கிறாங்க. 2024-ல 280 நாள் டேட்டாவ வெளியிட்டாங்க, ஒண்ணும் இல்லதான், ஆனா 'இவ்ளோ அடிக்கடி மோதும்'னு கணக்கு போட்டு வெச்சிருந்த நிறைய மாடலுங்க அடிபட்டுப் போச்சு.

உண்மையில தலைவலி கிடைச்சிருச்சுன்னு சொன்னவங்களாலதான். இத்தாலியில கிரான் சாஸோ மலைக்கடியில டாமா குழு, சோடியம் அயோடைடு படிகத்துல வருஷா வருஷம் ஏறி இறங்குற சிக்னல் வருதுன்னு 90-கள்லேர்ந்து சொல்றாங்க. சூரியன் நம்ம கேலக்ஸிக்குள்ள ஓடுறதால டார்க் மேட்டர் எதிர்க்காத்து மாதிரி நம்ம மேல வீசணும், பூமி சூரியன சுத்துறதால அது ஜூன்ல கூடும் டிசம்பர்ல குறையும், அதனால கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஸ்பெயின்ல அனாய்ஸ், கொரியாவுல கோசைன்னு ரெண்டு குழு அதே வகை படிகத்தோட உக்காந்து பாத்தாங்க, அந்த ஏத்த இறக்கம் அவங்களுக்கு வரவே இல்ல. நான் டாமாவ நம்பல, ஆனா அங்க என்னதான் ஏறி இறங்குதுன்னும் யாரும் எல்லாரும் ஒத்துக்குற மாதிரி சொல்லல.

'அடுத்த மெஷின்ல மாட்டும்'னு சொல்லிட்டே போறது எனக்கும் கடுப்புதான். அதுக்கும் ஒரு எல்லை வந்தாச்சு: 2024-ல செனான்என்டி, பாண்டாஎக்ஸ்-4டின்னு எல்இசட் மாதிரியே இருக்குற ரெண்டு செனான் தொட்டியிலயும், சூரியன்லேர்ந்து வர்ற நியூட்ரினோங்குற குட்டித் துகள் செனான் கருவ இடிக்கிற அறிகுறி தெரிஞ்சிருச்சு. மத்த கதிர்வீச்ச தடுக்கத்தான் தொட்டிய பூமிக்கடியில வெக்கிறாங்க, ஆனா நியூட்ரினோவ எந்த மலையும் தடுக்காது, அது இடிக்கிறதும் டார்க் மேட்டர் இடிக்கிற மாதிரியே இருக்கும், இனி தொட்டிய பெருசாக்கினா இதுவும் சேர்ந்து கூடும். இடிச்சது எந்தத் திசையிலேர்ந்து வந்துச்சுன்னு, நியூட்ரினோ வர்ற சூரியன் பக்கமா, இல்ல டார்க் மேட்டர் காத்து வரவேண்டிய, நாம போயிட்டிருக்குற சிக்னஸ் நட்சத்திரக் கூட்டத்துப் பக்கமான்னு காட்டுற டிடெக்டர் வேணும், அது இன்னும் சின்ன அளவுலதான் நடக்குது.