கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடுகிறதா? புது போர்டு வாங்க ஓடாதீர்கள்

கேள்வி: ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினி மேல் மூன்று ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) உள்ள போர்டு ஒன்றை மாட்டி, சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் 1 ஹெச்பி மோட்டாரை போனிலிருந்தே ஆன், ஆஃப் செய்துவந்தேன். கரண்ட் போய் வந்தால் மோட்டார் தானாக ஓடுகிறது. தொட்டி வழிந்து பக்கத்து வீட்டோடு சண்டை. போன வாரம் ஆஃப் கொடுத்தும் நிற்கவில்லை, மெயினை அணைக்க வேண்டியதாயிற்று. கடைக்காரர் "பை போய்விட்டது, பை 5 வாங்குங்கள்" என்கிறார். பழைய ஸ்டார்ட்டர் பெட்டியை எலக்ட்ரீஷியன் கழற்றி வைத்துவிட்டார். என்ன செய்வது?

பதில்: பை 5 வாங்க வேண்டாம். நீங்கள் சொல்வதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன, இரண்டுக்கும் பை காரணமில்லை என்றுதான் தோன்றுகிறது. சந்தேகமாக இருந்தால் மெயினை அணைத்து, ரிலே போர்டைக் கழற்றிவிட்டு, பையை மட்டும் ஓட்டுங்கள். புரோகிராமால் ஏற்றி இறக்கும் பின்களுக்கு ஜிபிஐஓ என்று பெயர். முதல் ரிலே உங்கள் போர்டில் 26-ம் ஜிபிஐஓவில் இருந்தால் (இந்த வகை போர்டுகளில் 26, 20, 21 என்று வருவது வழக்கம்) அது 40 பின் வரிசையில் 37-வது பின். அதற்கு அடுத்த 39 கிரவுண்ட். இரண்டிலும் மல்டிமீட்டரை வைத்து, புரோகிராமில் அந்தப் பின்னை மேலே தூக்கினால் 3.3 வோல்ட்டும், இறக்கினால் பூஜ்யமும் வர வேண்டும். வந்தால் அந்தப் பின் நன்றாகத்தான் இருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமலேயே "போர்டு டெட்" என்று சொல்லி அடுத்ததை விற்பது இந்தத் தொழிலில் சகஜமாகிவிட்டது.

இனி தானாக ஓடும் விஷயம். போர்டில் "டிக்" சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். கரண்ட் வந்த அந்தக் கணமேயா, அரை நிமிடம் கழித்தா?

அரை நிமிடம் கழித்து என்றால் குற்றவாளி உங்கள் புரோகிராம். இந்த ரிலேக்கள் தலைகீழாக வேலை செய்பவை, பின் கீழே இறங்கினால்தான் ரிலே பிடிக்கும். ஜிபிஐஓ ஜீரோ லைப்ரரியில் ஒரு பின்னை வெளியீடு என்று சொன்னதுமே அது முதல் வேலையாக பின்னைக் கீழே இறக்கிவிடும், அதாவது "ஆஃப்" என்று நினைத்துக்கொண்டு மோட்டாரை ஆன் செய்துவிடும். ஆக்டிவ் ஹை என்ற இடத்தில் ஃபால்ஸ் என்று கொடுத்தால் தீர்ந்தது. பழைய ஆர்பிஐ ஜிபிஐஓ லைப்ரரி என்றால் பின்னை அமைக்கும் வரியிலேயே இனிஷியல் ஹை என்று சேர்க்க வேண்டும்.

கரண்ட் வந்த கணமே சத்தம் வந்தால் கதை வேறு. பை 4 எழுந்திருக்கும்போது 0 முதல் 8 வரையுள்ள ஜிபிஐஓக்கள் மேல்நோக்கியும், 9 முதல் 27 வரை கீழ்நோக்கியும் லேசாக இழுக்கப்பட்டிருக்கும். உங்கள் 26, 20, 21 மூன்றுமே இரண்டாவது கோஷ்டி. சில போர்டுகளுக்கு அந்த லேசான இழுப்பே போதும், பிடித்துக்கொள்ளும். இதற்கு, பை எழும்போது படிக்கும் கான்ஃபிக் கோப்பில் ஜிபிஐஓ=26=ஓபி,டிஹெச் என்ற வரியை, ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல், பயன்படுத்தும் ஒவ்வொரு பின்னுக்கும் ஒன்றாகச் சேருங்கள். அது செயலுக்கு வர ஓரிரு வினாடி ஆகும், அதற்குள்ளும் டிக் என்றால் 37-வது பின்னுக்கும் 17-வது பின்னுக்கும் இடையே ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். 17 என்பது 3.3 வோல்ட். தவறிப்போய் 2 அல்லது 4-ல் வைத்தால் 5 வோல்ட் ஏறி, கடைக்காரர் சொன்னது உண்மையாகிவிடலாம்.

இதெல்லாம் பெட்டிக்குள் ஒரு தாளில் அச்சடித்து வைக்க வேண்டிய விஷயம். தாளே கிடையாது. ஹாட் (பையின் தலைமேல் தொப்பி போல உட்காரும் போர்டு) என்று பெயர் போட்டு விற்கிறார்கள். 2014-ல் வந்த ஹாட் விதிப்படி, மேலே உட்காரும் போர்டில் தன்னைப் பைக்கு அறிமுகப்படுத்தும் சிறிய நினைவக சிப் ஒன்று இருந்தாக வேண்டும். மலிவு போர்டுகள் பலவற்றில் அது இல்லை, தன் தலையில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்றே பைக்குத் தெரியாது. கேட்பார் யாருமில்லை. 230 வோல்ட் போகிற சாமானை பொம்மை மாதிரி பிளாஸ்டிக் கவரில் போட்டு, கூடவே ஒரு டெமோ புரோகிராமின் இணைப்பைக் கொடுத்துவிட்டால் அவர்கள் கடமை முடிந்தது.

இரண்டாவது கோளாறுதான் ஆபத்தானது. ஆஃப் கொடுத்தபோது டிக் சத்தம் வந்து, எல்இடியும் அணைந்து, மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்ததா? அப்படியென்றால் ரிலேயின் உள்ளே காண்டாக்ட் ஒட்டி வெல்டாகிவிட்டது. ரிலேயின் நீலப் பெட்டி மேல் 10 ஆம்பியர் என்று எழுதியிருப்பது ஹீட்டர், பல்பு மாதிரிச் சாதுவான லோடுக்கு. 1 ஹெச்பி மோட்டார் ஓடும்போது ஐந்தாறு ஆம்பியர்தான் என்றாலும், கிளம்பும் நொடியில் அதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அந்தத் தீப்பொறியில் சின்னக் காண்டாக்ட் என்ன ஆகும்? இதே போர்டை ஒரு பெட்டிக்குள் வைத்து, ஆப் ஒன்றைச் சேர்த்து, "ஸ்மார்ட் மோட்டார் கண்ட்ரோலர், 30 ஆம்பியர்" என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் ஆட்களும் இருக்கிறார்கள். மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வந்துவிடுங்கள்.

ஆகவே அந்த ஸ்டார்ட்டர் பெட்டியைத் தேடி எடுங்கள். அதற்குள் இருக்கும் காண்டாக்டர் எனும் பெரிய ரிலேதான் மோட்டாரை இழுக்க வேண்டியது. ஒட்டிப்போகாத ஒரு ரிலேயின் என்ஓ முனையை (ரிலே பிடித்தால் இணைவது) பச்சைப் பட்டனுக்குப் பக்க இணைப்பாக, இன்னொரு ரிலேயின் என்சி முனையை (ரிலே பிடித்தால் பிரிவது) சிவப்புப் பட்டனுக்குத் தொடராக எலக்ட்ரீஷியனைப் போடச் சொல்லுங்கள். புரோகிராம் ஒரு வினாடி முதல் ரிலேயைத் தட்டினால் மோட்டார் ஓடும், இரண்டாவதைத் தட்டினால் நிற்கும். கரண்ட் போனால் காண்டாக்டர் விழுந்துவிடும், திரும்பி வந்தாலும் யாராவது தட்டாமல் எழாது. பை கெட்டுக் கிடந்தாலும் கையால் ஓட்டலாம். ஆனால் மேலே சொன்ன டிக் சத்தத்தை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் இது, இல்லையேல் அந்த ஒரு டிக்கிலேயே மோட்டார் பிடித்து, பிடித்தபடியே நிற்கும். பை பாதியில் தொங்கிப்போனாலும் தொட்டி வழியக்கூடாது என்றால் தொட்டியில், நிரம்பினால் துண்டிக்கும் ஒரு ஃப்ளோட் சுவிட்சை வைத்து அதையும் காண்டாக்டரை இழுக்கும் காயிலுக்குத் தொடராகச் சேர்த்துவிடுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு போர்வெல் வைத்திருப்பவர்களும் செய்யப் போவார்கள். சிங்கிள் ஃபேஸ் சப்மெர்சிபிள் பேனல்களில் பச்சைப் பட்டனை இரண்டு வினாடி அழுத்திப் பிடிப்பீர்கள் அல்லவா, பல பேனல்களில் அந்த நேரத்தில் ஸ்டார்ட் கெப்பாசிட்டர் அந்தப் பட்டன் வழியாகத்தான் இணைகிறது. அங்கே நம் ரிலேயைப் பக்க இணைப்பாகப் போட்டால் அந்தக் கரண்ட் முழுக்க ரிலே வழியாகப் போய் மறுபடி வெல்டிங்தான், தாமதமாக விட்டால் கெப்பாசிட்டரும் வெடிக்கும். பேனல் மூடியின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் வயரிங் படத்தைப் பாருங்கள்: இரண்டு கெப்பாசிட்டர் இருந்து, அதில் ஒன்று பட்டனோடு சேர்ந்திருந்தால் தொடாதீர்கள், அதற்கென்று காண்டாக்டர் வைத்த ஆட்டோ பேனல் வேண்டும். ஒரே கெப்பாசிட்டர், பட்டன் காயிலுக்கு மட்டும் போகிறது என்றால் மேலே சொன்ன முறை சரி. த்ரீ ஃபேஸ்காரர்கள் காயில் 415 வோல்ட்டா என்று பார்க்காமல் கை வைக்க வேண்டாம்.

போர்டைத் திரும்ப மாட்டும்போது இரண்டு பக்கக் கரண்டையும் துண்டித்துவிட்டு மாட்டுங்கள். ஒரு வரிசை தள்ளி உட்கார்ந்தால் 5 வோல்ட் தப்பான இடத்துக்குப் போகும். நான்கு மூலையிலும் ஸ்பேசர் போடுங்கள், போர்டின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சால்டர் முனைகள் நெட்வொர்க் ஜாக்கின் தகர மூடியைத் தொடுகிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். மூன்று ரிலேயும் சேர்ந்து பிடிக்கும்போது திரையில் மின்னல் குறி வந்தால், போன் சார்ஜரைத் தூக்கிப் போட்டுவிட்டு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வாங்குங்கள்.

கடைக்காரர் பேச்சைக் கேட்டுப் பை 5 வாங்கியிருந்தால், அதில் பின்களை ஆர்பி1 என்ற வேறு சிப் கவனிப்பதால் பழைய ஆர்பிஐ ஜிபிஐஓ லைப்ரரியில் எழுதியது ஓடாது. கல்லூரி லேப் நோட்டுகளில் இன்னமும் அதைத்தான் எழுத வைக்கிறார்கள்.