வாசகர் கேள்வி பதில்: அமுங்கும் தளமும் இறுகிய வால்வும்

புயல் பருவம் ஓய்ந்து மே மாதம் பிறந்துவிட்டால், பழைய பாய்மரப் படகைக் கரையேற்றி வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டு வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கும். மொரீஷியஸில் அக்டோபர் வரையில் வெயிலின் கடுமையும் காற்றின் ஈரமும் தணிந்திருப்பதால், பிசின் வேலைக்கு இதுவே ஏற்ற காலம். வந்த கடிதங்களுள் நான்குக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். முதற்கேள்வி பலருக்கும் பொதுவானது என்பதால் அதற்கு மட்டும் சற்று விரிவாக எழுத நேர்ந்தது.

ஐயா, 1978-இல் கட்டப்பட்ட, ஒன்பது மீட்டர் நீளமுள்ள ஃபைபர் கிளாஸ் படகு ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினேன். பாய்மரம் நிற்கும் இடத்தைச் சுற்றி மேல்தளத்தை மிதித்தால் மெத்தை போல அமுங்குகிறது. சிறு துளைகள் இட்டு எபாக்ஸிப் பிசினை உள்ளே செலுத்தினால் இறுகிவிடும் என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?
— கிராண்ட் பே வாசகர்

செய்ய வேண்டாம். அக்காலப் படகுகளில் பெரும்பாலானவற்றின் மேல்தளம் ஒரே பலகையன்று. மேலே ஒரு ஃபைபர் கிளாஸ் தோல், கீழே ஒரு தோல், இரண்டுக்கும் நடுவே பால்சா மரக்கட்டை அல்லது பிளைவுட் என்று அடுக்கப்பட்டிருக்கும். கைப்பிடி, கொக்கி, கயிறு கட்டும் கட்டை ஆகியவற்றை முடுக்கிய போல்ட் துளைகளின் பூச்சு நாளடைவில் வறண்டு வெடிக்க, அந்த மயிரிழை இடைவெளி வழியாக மழைநீர் நடு அடுக்கில் இறங்கிவிடுகிறது. மேலும் கீழும் தோல் மூடியிருப்பதால் இறங்கிய நீர் வெளியேற வழியில்லை. மரம் ஊறி, மட்கி, தோலை விட்டுப் பிரிகிறது. ஈர மரத்தில் எபாக்ஸி ஒட்டாது. துளை வழியே ஊற்றுவது நீரைச் சுற்றிச் சில திட்டுகளாக இறுகி நிற்குமே தவிர, அமுங்கும் இடம் அடுத்த மழைக்காலத்தில் இன்னும் அகலமாகிவிடும்.

முதலில் நோயின் எல்லையைக் கண்டறியுங்கள். திருப்புளியின் பிளாஸ்டிக் பிடியால் தளத்தை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே செல்லுங்கள். நல்ல இடம் "டக்" என்று கணீரென ஒலிக்கும். கெட்ட இடம் அட்டைப்பெட்டியைத் தட்டியது போல மந்தமாக ஒலிக்கும். ஒலி மாறும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் இணைத்தால் ஒரு வரைபடம் கிடைக்கும். அந்தப் பரப்பின் உள்ளேயோ விளிம்பிலேயோ ஏதேனும் ஒரு போல்ட் இருந்தே தீரும். நீர் நுழைந்த வாசல் பெரும்பாலும் அதுதான். வாசலை அடைக்காமல் தளத்தை மட்டும் புதுப்பித்தால் செய்த வேலை முழுவதும் வீணாகும்.

அடுத்து, பாய்மரம் தளத்தின்மேல் நிற்கும் வகையாக இருந்தால் அதை இறக்கிவைத்த பிறகே எதையும் அறுக்க வேண்டும். அறுக்கும் வாளின் ஆழத்தை மேல்தோலின் கனத்துக்கு மட்டும் அளவாக வைத்து, குறித்த எல்லைக்குச் சற்று வெளியே வெட்டித் தோலைத் தகடு போல முழுதாகப் பெயர்த்தெடுங்கள். மீண்டும் அதையே ஒட்டப் போகிறோம். என் படகின் முன்முனையில் கயிறு கட்டும் கட்டையருகே இப்படித் திறந்தபோது, பழுப்பு நிறத்தில் ஊறிய அவல் போன்ற ஒன்று கரண்டியோடு வந்தது. கையில் பிழிந்தபோது தண்ணீர் சொட்டியது. அதற்கு முதல் நாள் வரை அந்த இடத்தில் நின்றுதான் நான் நங்கூரம் இழுத்துக்கொண்டிருந்தேன்.

மட்கியதை உளியால் முழுதும் சுரண்டி எடுத்து, எல்லா ஓரங்களிலும் காய்ந்த, வெளிறிய மரம் தென்படும் வரையில் செல்லுங்கள். பிறகு கூடாரத்துணி ஒன்றை மேலே கட்டி, காற்றோட்டம் இருக்கும்படி விட்டுப் பல நாள்கள் உலர்த்துங்கள். இங்கே அவசரப்பட்டவர்கள் மறுமுறை அறுத்திருக்கிறார்கள். புதிய நடு அடுக்காக மற்ற இடங்களில் பால்சாவோ மூடிய துளைகளுள்ள நுரைப்பலகையோ வைக்கலாம். ஆனால் பாய்மரத்தின் சுமை நேராக இறங்கும் இடத்தில் கடல்தரப் பிளைவுட் வைப்பதே என் விருப்பம். எபாக்ஸியில் சிலிக்காத் தூள் கலந்து களி போலாக்கிப் பரப்பி, அடுக்கை அழுத்தி, மேல்தோலை ஒட்டி, மணல் மூட்டைகளைப் பாரமாக வையுங்கள். வெட்டிய கோட்டின் இருபுறமும், தோலின் கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து (கனம் 3 மி.மீ. எனில் ஒவ்வொரு பக்கமும் 36 மி.மீ.), அதன்மேல் கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காக ஒட்டினால்தான் பழைய வலிமை திரும்பும்.

நம் வெப்பத்தில் எபாக்ஸியைக் கையாள்வதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். வெப்பநிலை 10 பாகை கூடினால் அது இறுகும் நேரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஆகவே மெதுவாக இறுகும் கடினமாக்கியை வாங்குங்கள். சிறிது சிறிதாகக் கலந்து, உடனே அகலத் தட்டில் ஊற்றிவிடுங்கள். குவளையிலேயே விட்டால் தன் சூட்டாலேயே கொதித்துப் புகையும். விரைவாக இறுகட்டும் என்று கடினமாக்கியைக் கூட்டி ஊற்றுவது பெருந்தவறு. அது பாலியெஸ்டர் பிசின் வேலையிலிருந்து வந்த பழக்கம். எபாக்ஸியில் பிசினும் கடினமாக்கியும் குறித்த விகிதத்தில் சேர்ந்தாலன்றிக் கலவை என்றைக்கும் முழுதாக இறுகாது. இறுகிய பரப்பில் மெழுகு போன்ற படலம் ஒன்று படியும். அதைத் தேய்ப்பதற்கு முன் நல்ல நீராலும் சொரசொரப்பான துணியாலும் கழுவ வேண்டும், இல்லையேல் அடுத்த பூச்சு உரிந்துவிடும். தேய்க்கும்போது வெறும் துணியை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது. கண்ணாடித் தூள் நுரையீரலுக்குப் போகும் என்பதால் வடிகட்டியுள்ள முகமூடியே அணியுங்கள்.

இறுதியாக அந்த வாசல்கள். ஒவ்வொரு போல்ட் துளையையும் போல்ட்டைவிடப் பெரிதாகத் துளைத்து, நடு அடுக்கைச் சற்றுக் குடைந்து, கெட்டி எபாக்ஸியால் நிரப்பி, இறுகிய பின் சரியான அளவில் மறுபடி துளையிடுங்கள். இனி பூச்சு வெடித்து நீர் கசிந்தாலும் அது மரத்தைத் தொடாமல் உங்கள் படுக்கையில்தான் சொட்டும். அதையும் அன்றே காண்பீர்கள். முடுக்கும்போது பியூட்டைல் நாடா போதும். நிரந்தரமாக ஒட்டும் பாலியூரித்தேன் பசையை இங்கே இட்டால், பிற்காலத்தில் கழற்றுபவர் தோலையும் சேர்த்துப் பெயர்ப்பார்.

படகின் கழிவறைக்கு நீர் வரும் அடிப்பக்க வால்வு திறந்த நிலையில் இறுகிவிட்டது. சுரண்டிப் பார்த்தால் மஞ்சளுக்குப் பதிலாக இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. எண்ணெய் விட்டுத் திருப்பலாமா?
— போர்ட் லூயி வாசகர்

படகு நீரில் மிதக்கும்போது தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். வால்வு சாதாரணப் பித்தளையால் ஆனது. பித்தளையில் இருக்கும் துத்தநாகத்தைக் கடல்நீர் கரைத்துவிட, எஞ்சிய செம்பு பஞ்சு போல நிற்கிறது. அந்த இளஞ்சிவப்பின் பொருள் அதுவே. பார்வைக்கு வால்வாகத்தான் இருக்கும், நெம்பினால் பிஸ்கட் போல உடையும். நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே 38 மி.மீ. துளை ஒன்று திறந்தால் நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் உள்ளே வரும். சிறு படகுகளில் வைத்திருக்கும் மின்பம்பு அதற்கு ஈடுகொடுக்காது. அடுத்த முறை கரையேற்றும்போது, வால்வோடு அடிப்புறத் துளைக்குழலையும் மாற்றிவிடுங்கள். வெண்கலமோ, துத்தநாகம் கரையாத வகைப் பித்தளையோ, கண்ணாடி இழை சேர்த்த நைலானோ வாங்கலாம். வீட்டுக் குழாய்க்கடை வால்வு, நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும், வேண்டாம். அதுவரையில் ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும், அது உடைந்தால் துளையை அடைக்க, அதற்குப் பொருந்தும் மரக்கூம்பு ஒன்றைக் கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள். இருட்டில் தேடும்படி இருக்கக் கூடாது.

பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளின் தகடு தளத்தைத் துளைத்துச் செல்லுமிடத்தில் பழுப்புக் கறை வழிகிறது. துருப்பிடிக்காத எஃகு துருப்பிடிக்குமா?
— பிளாக் ரிவர் வாசகர்

பிடிக்கும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்வரை அந்த எஃகின்மேல் மெல்லிய காப்புப் படலம் தானாகவே உண்டாகிக்கொண்டிருக்கும். தளத்தின் நடு அடுக்கில், உப்புநீர் தேங்கிக் காற்றுப் படாத இடுக்கில், அப்படலம் புதுப்பிக்கப்படாமல் போக, உலோகம் உள்ளிருந்து அரிக்கிறது. வெளியே பளபளக்கும் தகடு உள்ளே பாதியாகியிருக்கலாம். ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, பூதக்கண்ணாடியால் பாருங்கள். குழியோ மயிரிழை வெடிப்போ தெரிந்தால் மெருகேற்றி மறுபடி பூட்டாமல் மாற்றிவிடுங்கள். கம்பியின் முனையில் ஒரே ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்தக் கம்பியையும், மறுபக்கத்தில் அதே வயதுள்ள அதன் இணையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புயல் பருவம் திரும்பும் நவம்பருக்கு முன் இதை முடியுங்கள்.

தாத்தா காலத்து மரப் பிரோக் (மீன்பிடிப் படகு) ஒன்று எங்களிடம் உள்ளது. வெளியில் முழுதும் ஃபைபர் கிளாஸ் போர்த்திவிட்டால் பலகை இடுக்குகளைப் பற்றிய கவலை தீரும் என்று எண்ணுகிறோம்.
— மஹேபூர் வாசகர்

அந்த எண்ணத்தைக் கைவிடும்படி உங்களை மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். பலகை படகின் பலகைகள் நீரில் பருத்தும் வெயிலில் சுருங்கியும் அசைந்துகொண்டே இருக்கும். விறைத்த போர்வை அந்த அசைவைத் தாங்காமல் ஓரிடத்தில் பிரியும், பிரிந்த இடத்தில் புகும் நீர் மரத்துக்கும் போர்வைக்கும் நடுவே தேங்கி, நீங்கள் அறியாமலேயே பலகையைத் தின்றுவிடும். மட்கிய பலகையை மட்டும் மாற்றி, இடுக்குகளைக் கலப்பத்துப் பார்ப்பதே சரியான வழி. பழைய பஞ்சைக் கொக்கியால் இழுத்தெடுத்து, புதிய பஞ்சுத் திரியை உளியும் கொட்டாப்புளியும் கொண்டு அளவாக இறக்கி, மேலே மக்கு பூசுங்கள். காய்ந்து வாய் திறந்த இடுக்கைப் பார்த்துப் பயந்து இறுக்கமாகத் திணித்துவிட வேண்டாம். நீரில் இறங்கியதும் பலகை பருத்து, இடமில்லாமல் ஆணிகளையே பிடுங்கிவிடும். இறக்குவதற்குச் சில நாள் முன்பிருந்தே நனைத்த சாக்குகளை உள்ளே பரப்பி ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் கரையோர ஆழமற்ற நீரில் கட்டிவைத்து, நீரை இறைத்துக்கொண்டே இருங்கள். பலகைகள் பருக்கப் பருக்கக் கசிவு குறையும்; அதன் பிறகும் நீர் வரும் இடுக்கை மட்டும் குறித்துக்கொண்டு, மறுபடி கரையேற்றி அதை மட்டும் பாருங்கள்.