கெர்னலா, லைப்ரரியா? லினக்ஸ் கேள்வி-பதில்

கே: ஒரு வசதியை சிஸ்டம் காலாக (லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிடம் புரோகிராம் வேலை கேட்கும் அழைப்பு) வைப்பதா, லைப்ரரி ஃபங்ஷனாக (புரோகிராமுக்குள்ளேயே ஓடும் தயார் நிரல்) வைப்பதா? எதை வைத்து முடிவெடுப்பது?

ஹார்டுவேரைத் தொடுகிறதா, பல புராசஸ்களுக்கு (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள்) பொதுவான எதையாவது காக்க வேண்டியிருக்கிறதா? ஆம் என்றால் கெர்னல், இல்லையென்றால் லைப்ரரி. ஸ்டிரிங் நீளம் எண்ணவோ எண்களை வரிசைப்படுத்தவோ கெர்னல் எதற்கு? லைப்ரரியில் பிழை இருந்தால் அந்தப் புரோகிராம் மட்டும் விழும். கெர்னலில் இருந்தால் மொத்த மெஷினும் விழலாம். தவிர, வெளியிட்டுவிட்ட சிஸ்டம் காலைத் திரும்பப் பெறுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

பல வசதிகளை இரண்டாகப் பிரிப்பதே நல்ல வடிவமைப்பு. மெமரி கேட்டு வாங்கும் மல்லாக் (malloc) ஃபங்ஷனைப் பாருங்கள். லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சியில் (glibc) அது சிறு துண்டுகளைத் தன் கையிருப்பிலிருந்தே கொடுக்கும். தீர்ந்தால்தான் பிஆர்கே (brk) சிஸ்டம் கால் மூலம் கெர்னலிடம் மொத்தமாக வாங்கும். 128 கிலோபைட்டைத் தாண்டிய பெரிய கோரிக்கைக்கு எம்மேப் (mmap) என்ற இன்னொரு சிஸ்டம் கால். (அந்த வரம்பு ஓட்டத்தில் மாறக்கூடியது.) ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டான முட்டெக்ஸும் அப்படித்தான்: போட்டி இல்லாதவரை எல்லாம் யூசர் மோடிலேயே (கெர்னலுக்குள் நுழையாமலே) முடியும்; காத்திருக்க நேர்ந்தால்தான் ஃபியூடெக்ஸ் (futex) சிஸ்டம் கால்.

கே: ஃபைல் நகலெடுக்க ரீட், ரைட் இரண்டையும் நேரடியாக அழைக்கிறேன். ஆனாலும் ஆமை வேகம்!

ஒரு தடவைக்கு எத்தனை பைட்? ஒவ்வொரு பைட்டாக என்றால் 1 எம்பி ஃபைலுக்கு 10,48,576 ரைட். 4096 பைட் பஃபர் (தரவைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் இடம்) வைத்தால் 256 போதும். சிஸ்டம் கால்களைக் கண்காணிக்கும் எஸ்ட்ரேஸ் (strace) கருவியை 'மைனஸ் சி' (-c) கொடுத்து ஓட்டுங்கள். எந்தக் கால் எத்தனை முறை போனது என்று பட்டியல் வரும். 64 கிலோபைட் துண்டுகளாகப் படித்தால் நேரடி ரீட், ரைட்டே நல்லது. தானே பஃபர் வைத்துப் படிக்கும் லைப்ரரி ஃபங்ஷனான எஃப்ரீட் (fread) அங்கே தேவையில்லை.

கே: பிரிண்ட்எஃப்பில் (printf) ஒரு வரி அச்சிடுகிறேன், பிறகு ஃபோர்க் (fork) அழைத்துப் புராசஸை இரண்டாக்குகிறேன். திரையில் வரி ஒருமுறைதான் வருகிறது, ஃபைலுக்குத் திருப்பினால் இருமுறை. ஏன்?

டெர்மினலுக்குப் போகும்போது வரி முடிந்ததும் பஃபர் காலியாகும். ஃபைலுக்குப் போகும்போது பஃபர் நிரம்பும்வரை உள்ளேயே கிடக்கும். ஃபோர்க் அந்தப் பஃபரையும் சேர்த்து நகலெடுக்கிறது. முடியும்போது இரண்டு புராசஸும் அதை எழுதிவிடுகின்றன. ஃபோர்க்குக்கு முன்னால், பஃபரைக் காலிசெய்யும் எஃப்ஃப்ளஷ் (fflush) போடுங்கள்.

கே: எஃப்ஃப்ளஷ் போட்டும் கரண்ட் போனதும் தரவு காணாமல் போனது.

எஃப்ஃப்ளஷ் கெர்னலின் பேஜ் கேஷ் (ஃபைல் தரவை மெமரியில் தற்காலிகமாக வைக்கும் இடம்) வரைதான் கொண்டுபோகும். டிஸ்க்குக்குப் போய்ச் சேர எஃப்சிங்க் வேண்டும்; அது திருப்பித் தரும் மதிப்பைக் கட்டாயம் சோதியுங்கள். புது ஃபைல் என்றால் அது இருக்கும் டைரக்டரிக்கும் எஃப்சிங்க் கொடுங்கள்.

கே: நேரம் கேட்பதும் சிஸ்டம் கால்தானே? எஸ்ட்ரேஸில் தெரியவில்லையே!

காரணம் விடிஎஸ்ஓ (vDSO): ஒவ்வொரு புராசஸுக்குள்ளும் கெர்னல் தானே ஏற்றிவைக்கும் சிறு லைப்ரரி. நேரக் கணக்கை ஒவ்வொரு புராசஸும் படிக்கக்கூடிய ஒரு பக்கத்தில் கெர்னல் வைத்திருக்கிறது. கெர்னலுக்குள் நுழையாமலே பதில் கிடைத்துவிடும். சில விர்ச்சுவல் மெஷின்களில் கிளாக்சோர்ஸ் (கெர்னல் நேரம் எடுக்கும் கடிகாரம்) இதற்கு ஒத்துவராது. அங்கே உண்மையான சிஸ்டம் காலே போகும், எஸ்ட்ரேஸிலும் தெரியும்.