தனி டெர்மினல் எதற்கு?

அன்புள்ள ஐயா,

நிரல் எழுதும் எடிட்டருக்குள்ளேயே, கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் டெர்மினல் இருக்கிறது. கோப்பும் கட்டளையும் ஒரே ஜன்னலில் கிடைக்கும்போது, தனி டெர்மினலைத் திறந்து வைக்கும்படி ஏன் வற்புறுத்துகிறீர்கள்? பழைய பழக்கத்தாலா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பழக்கமும் உண்டு. ஆனால் என்னை வற்புறுத்த வைத்தது ஓர் இரவு. தரவுத்தளத்தில் ஒரு பெரிய அட்டவணையின் பதிவுகளைப் புதிய அட்டவணைக்கு மாற்றும் நிரலை, எடிட்டருக்குள் இருந்த டெர்மினலில் ஓடவிட்டிருந்தேன். இரண்டு மணி நேரம் ஓடியிருக்கும். எடிட்டர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள அனுமதி கேட்டது. வேறு நினைவில் சரி என்று அழுத்திவிட்டேன். எடிட்டர் மூடித் திறந்தது, நிரல் பாதியில் நின்றுபோயிருந்தது. எந்தப் பதிவு போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்று விடியும்வரை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

டெர்மினல் மூடப்பட்டால், லினக்ஸ், மேக் போன்ற யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் அதற்குள் ஓடும் நிரல்களுக்கு 'சிக்ஹப்' என்ற சிக்னல் போகிறது. 'ஹப்' என்பது 'ஹேங் அப்' என்பதன் சுருக்கம், தொலைபேசியை வைத்துவிடுவது. தொலைபேசிக் கம்பி வழியாக மனிதர்கள் கணினியோடு பேசிய காலத்தில், கம்பி அறுந்தால் மறுமுனையில் ஆள் இல்லை என்று பொருள். வேலையை முடித்துக்கொள் என்று நிரலுக்குச் சொல்லிவிடுவார்கள். கம்பி போய்விட்டது, அந்த உத்தரவு இன்றும் இருக்கிறது. அதைப் புறக்கணிக்க ஏற்பாடு செய்யாத நிரல் அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

தனி டெர்மினல் என்றால், எடிட்டர் உறைந்தாலும் நீங்கள் ஓடவிட்ட சர்வர் நிரல் தன் பாட்டுக்கு ஓடும். ஜன்னல் போனாலும் உள்ளே ஓடுபவற்றைத் தொடர்ந்து ஓடவிடும் கருவியான, 2007இல் வந்த டீமக்ஸையும் அதற்குள் சேர்த்துக்கொண்டால் ஜன்னலையே மூடிவிடலாம். பிறகு 'டீமக்ஸ் அட்டாச்' என்று கொடுங்கள், விட்ட இடம் அப்படியே வந்து நிற்கும். தொலைவிலுள்ள சர்வரில் வேலை செய்யும்போது இணைப்பு அறுந்தால்தான் இதன் அருமை முழுதாகத் தெரியும்.

இடமும் ஒரு காரணம். நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் நாற்பது பிழைகளைக் கொட்டும்போது பெரும்பாலும் முதல் பிழைதான் மூலம், மற்றவை அதன் குட்டிகள். எடிட்டரின் அடியில் பத்து வரி உயரத்துக்குள் அந்த முதல் பிழை மேலே ஓடி மறைந்துவிடுகிறது.

சிறு கட்டளைகளுக்கு எடிட்டர் டெர்மினல் போதும். பிழை வரியைச் சொடுக்கினால் கோப்பு திறக்கும் வசதியை நானும் பயன்படுத்துகிறேன். நீண்ட நேரம் ஓடுபவற்றை மட்டுமாவது வெளியே கொண்டுவாருங்கள். நாளை உங்கள் சர்வரைத் தனி ஜன்னலில் ஓடவிட்டு, எடிட்டரை ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள்.