மாடி வீடும் மகளின் பயமும் – கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். வடமாநிலத் தொழிலாளர்கள் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். இங்கே அவர்கள் மீது காட்டப்படும் வெறுப்பை அமெரிக்க நிறவெறியோடு சேர்த்துப் பேசியிருந்தீர்கள். மனம் புண்பட்டது. நான் ஓய்வுபெற்றவன், வேளச்சேரியில் இருக்கிறேன். மாடி வீடு காலியாக இருக்கிறது. கட்டட மேஸ்திரி ஒருவர் பீகார்க்காரர்கள் நான்கு பேருக்காகக் கேட்டார். ஆனால் எங்கள் தெருவின் குடியிருப்போர் நலச் சங்கம், இனி அவர்களுக்கு யாரும் வீடு கொடுக்கக் கூடாது என்று முடிவெடுத்திருக்கிறது. என் மகள் சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கிறாள். வீடு திரும்ப இரவு பதினொரு மணி ஆகிவிடும். தொலைக்காட்சியைப் போட்டால் ‘வடமாநில இளைஞர் கைது’ என்றுதான் வருகிறது. பெண்ணைப் பெற்றவன் பயப்படுவதும் நிறவெறியா? இரண்டும் ஒன்றுதானா? பெயரை வெளியிட வேண்டாம்.

வேளச்சேரி வாசகர்

*

அன்புள்ள ஐயா,

மகள் வந்து சேரும்வரை விழித்திருக்கும் தகப்பனின் பயத்துக்கு நான் எந்தப் பெயரும் சூட்ட மாட்டேன். இந்த நகரத்தில் பெண்களுக்கு ஆபத்து உண்டு. நான் கேட்பது வேறு. அந்தப் பயம் ஏன் நேராகப் போய், நீங்கள் முகம்கூடப் பார்த்திராத அந்த நான்கு பேர் மீது விழுகிறது?

2024 டிசம்பர் 23 அன்று அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவிக்கு நடந்த பாலியல் வன்கொடுமையை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். 2025 ஜூனில் சென்னை மகளிர் நீதிமன்றம், குறைந்தது 30 ஆண்டுகளுக்குத் தண்டனைக் குறைப்பே இல்லாத ஆயுள் சிறையைக் குற்றவாளிக்கு விதித்தது. அவர் கோட்டூர்புரத்துக்காரர், பிரியாணிக் கடை நடத்தியவர். அதற்கு முந்தைய மாதம்தான் பொள்ளாச்சிப் பாலியல் வன்கொடுமை வழக்கில் ஒன்பது பேருக்குச் சாகும்வரை சிறை என்று தீர்ப்பு வந்திருந்தது. எல்லோரும் நம் மண்ணின் பிள்ளைகள். கோட்டூர்புரத்தாருக்கோ பொள்ளாச்சிக்காரருக்கோ வீடு கிடையாது என்று எந்தத் தெருவும் தீர்மானம் போடவில்லை. போட்டிருந்தால் அநியாயம் என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள். குற்றவாளி நம்மவர் என்றால் தலைப்பில் அவருடைய தொழில் வருகிறது, வயது வருகிறது. வெளியூர்க்காரர் என்றால் மாநிலம் வருகிறது. ஆண்டுக்கணக்கில் இதையே பார்த்தால், கண் தானாகவே முதலில் மாநிலத்தைத் தேடும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகளோ, பாலியல் வன்கொடுமை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவர் என்று வருடா வருடம் சொல்கின்றன. உறவினர், அண்டைவீட்டார், நண்பர். அது நாள்தோறும் செய்தியாவதில்லை.

அந்த மாணவிக்கு அதன்பின் நடந்ததையும் சொல்ல வேண்டும். அவருடைய விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்து கைக்குக் கை பரவியது. 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. பெண்ணின் பாதுகாப்பு என்று பொங்கியவர்களில் எத்தனை பேர் அந்த அறிக்கையை வேறொருவருக்கு அனுப்பினார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு கொதிக்கிறது.

வேளச்சேரியில் இருக்கும் உங்களுக்கு 2012 நினைவிருக்கும். பிப்ரவரி 23 அதிகாலையில் அங்கேதான் வடமாநிலத்தவர் ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. பெருங்குடி, கீழ்க்கட்டளை வங்கிக் கொள்ளைகளில் தேடப்பட்டவர்கள் என்று சொன்னார்கள். அந்த ஐவரும் நீதிமன்றத்தின் படியேறவில்லை. வாடகைக்கு இருப்பவர்களின் விவரங்களைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று அதன்பின் உத்தரவு வந்தது. உங்கள் தெருவின் முடிவுக்கு வேர் அங்கேயே இருக்கிறது. 2023 மார்ச்சில் இதே கதை தலைகீழாக நடந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று, எங்கோ எப்போதோ எடுத்த வீடியோக்களைக் காட்டி வடக்கே பரப்பினார்கள். பீகார் அரசு விசாரிக்க அதிகாரிகள் குழுவையே அனுப்பியது. தமிழர்கள் எல்லோரையும் கொலைகாரர்களாக்கிவிட்டார்களே என்று அன்று நமக்கு வலித்தது. நியாயமான வலி.

இரண்டும் ஒன்றுதானா என்று கேட்டீர்கள். இல்லை. அடிமை முறையின் வரலாறு வேறு, நம்முடையது வேறு. ஆனால் ஐடா பி. வெல்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1892 மார்ச்சில் மெம்பிஸ் நகரில் மளிகைக் கடை நடத்திய கறுப்பினத்தவர் மூவரை ஒரு கும்பல் கொன்றது. அவர்களுடைய கடை, பக்கத்திலிருந்த வெள்ளையர் கடைக்குப் போட்டியாக இருந்தது. கொல்லப்பட்டவர்களில் ஒருவர் ஐடாவின் நண்பர். கறுப்பின ஆண்கள் வெள்ளைப் பெண்களைக் கெடுக்கிறார்கள், அதனால்தான் கொல்கிறோம் என்பதே அன்றைய செய்தித்தாள்களின் வழக்கமான நியாயம். வெள்ளையர் பத்திரிகைகளே வெளியிட்ட கணக்குகளை எடுத்துவைத்து ஐடா ஆராய்ந்தார். கொல்லப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் மீதுதான் அப்படியொரு குற்றச்சாட்டே இருந்தது. குற்றச்சாட்டு மட்டும்தான், நிரூபணம் இல்லை. இதை எழுதத் தொடங்கியதும் அவருடைய பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். ஊர் திரும்பினால் உயிர் போகும் என்று மிரட்டினார்கள்.

நமக்கு இது புதிதா? 2012 நவம்பரில் தருமபுரி மாவட்டத்தில் மூன்று தலித் குடியிருப்புகள் எரிந்தபோது, இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் நாசமானபோது, மேடைகளில் என்ன பேசினார்கள்? நம் வீட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்றுதானே! கலவரத்துக்குக் காரணமாகக் காட்டப்பட்டது ஒரு கலப்புத் திருமணம்; அந்தப் பெண் தலித் இளைஞரை விரும்பித்தான் மணந்துகொண்டாள். அவள் சொல் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

இதனால்தான் உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மேஸ்திரி சொன்னது இருக்கிறது, சங்கம் சொன்னது இருக்கிறது, தொலைக்காட்சி சொன்னது இருக்கிறது. மகள் சொன்னது ஒரு வரிகூட இல்லை. இரவில் எந்த இடத்தில் நடையை விரைவாக்குகிறாள், யாரைப் பார்த்தால் கைபேசியை எடுத்துக் காதில் வைக்கிறாள், அலுவலகத்தில் யாரோடு தனியாக இருக்கத் தயங்குகிறாள் என்று அவளிடம் கேளுங்கள். பதில் உங்களுக்குத் திகைப்பைத் தரலாம். அவளுடைய நிறுவனம் வண்டி ஏற்பாடு செய்கிறதா? இரவுப் பணிக்குப் பெண்களை அமர்த்துவோர் போக்குவரத்து வசதி செய்து தர வேண்டும் என்று இங்கே அரசாணை இருக்கிறது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சங்கமே புகார் கொடுக்கலாம். அடுத்த கூட்டத்துக்கு அவளையும், தெருவில் வேலைக்குப் போய்வரும் மற்றப் பெண்களையும் அழைத்துப் பேசச் சொல்லுங்கள்.

மாடி வீட்டை அந்த நால்வருக்குக் கொடுங்கள். எந்த வாடகைதாரரிடமும் கேட்பதுபோல ஆதார் நகலும் ஒப்பந்தமும் வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணம் மட்டும் மற்றவர்களிடம் கேட்பதைவிட ஒரு ரூபாய்கூட அதிகமாகக் கேட்காதீர்கள்.