கையில 4500, கிழமைக்கு ஏழு நாள்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில பாதிக்கு மேல ஒரே விசயம், தனிய இருந்து குறைஞ்ச காசில சமாளிக்கிறது எப்பிடி எண்டு. அதால இந்தப் பக்கம் முழுக்க அதுக்குத்தான், மற்றக் கேள்வி அனுப்பின ஆக்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ.

கேள்வி: அக்கா, எனக்குச் சொந்த இடம் முழங்காவில். கிளிநொச்சி ரவுணில ஒரு கடையில காஷியரா நிக்கிறன், கரடிப்போக்குக்குக் கிட்ட அறை எடுத்துத் தனிய இருக்கிறன். வாடகையும் வீட்டுக்கு அனுப்புறதும் போக கிழமைக்கு 4500 ரூபா மிஞ்சும், அதுக்குள்ளதான் சாப்பாடு, சவுக்காரம், போன் ரிலோட் எல்லாம். விடிய பணிசும் பால்ரீயும் 150, மத்தியானம் சோத்துப் பார்சல் 350, இரவில நூடுல்ஸ் இல்லாட்டி பிஸ்கற். வியாழன் வரேக்க காசு முடிஞ்சிடும், பிறகு முன்கடையில கொப்பியில எழுதி வாங்குறன். இப்ப இரவுச் சாப்பாட்டை விட்டுப் பாத்தன், தலை சுத்துது. எங்க பிழைக்குது எண்டு சொல்லுங்கோ.
- பெயர் வேண்டாம், கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, இண்டைக்கே இரவுச் சாப்பாட்டைத் திருப்பித் தொடங்குங்கோ, கணக்கைப் பேந்து பாப்பம். காசு காணாத உடன எங்கட பொம்பிளைப் பிள்ளையள் முதல்ல வெட்டுறது தங்கட வயித்தைத்தான், வீட்டுக்கு அனுப்புறது ஒரு சதம் குறையாது, சீட்டுக்காசு குறையாது, சோறு மட்டும் குறையும், இப்பிடி எத்தினை கடிதம் வாசிச்சிட்டன், வாசிக்கேக்க எல்லாம் நெஞ்சு பதறுது. தலைச்சுத்துக்கு கிளிநொச்சி பெரியாசுப்பத்திரிக்கு ஒருக்காப் போய் இரத்தம் சோதிச்சுப் பாருங்கோ. அரசாங்க ஆசுப்பத்திரியில அதுக்குக் காசில்லை, இரத்தம் குறைவெண்டா குளிசையும் அங்கயே தருவினம்.

இப்ப கணக்குக்கு வாறன். ஆறு வேலைநாளுக்குப் பார்சல் 2100, பணிசும் ரீயும் 900, ரெண்டும் சேர 3000. உங்கட காசில மூண்டில ரெண்டு பங்கு அங்கயே போகுது, அதுவும் ரெண்டு நேரச் சாப்பாட்டுக்கு மட்டும். நீங்கள் வீண்செலவு செய்யிற பிள்ளை இல்லை, சமைக்க வழியில்லாத அறையில இருக்கிறதால வாற செலவு இது. அதால முதல் வேலை வீட்டுக்கார அம்மாவோட கதைச்சு ஒரு சின்ன ரைஸ் குக்கருக்கு அனுமதி எடுக்கிறது. கறண்ட் பில்லுக்குப் பயப்பிட்டா எண்டா அவவுக்கு வடிவா விளங்கப்படுத்துங்கோ, 700 வாட்ஸ் குக்கர் அரை மணித்தியாலம் ஓடினா ஒரு யூனிற்றில மூண்டில ஒரு பங்குதான், இரவு முழுக்க சுத்துற ஃபானே அதை விடக் கூட இழுக்கும். ஆனா அவ யோசிக்கிறதிலயும் நியாயம் இருக்கு, ஒரு வீட்டில மாசம் 60 யூனிற்றைத் தாண்டினா முழுக்கட்டணமும் வேற விலைக்கு மாறிடும், அதால மாசம் ஒரு சின்னத் தொகை பேசிக் குடுத்தா ரெண்டு பேருக்கும் மனக்கசப்பு வராது.

அரிசி கிழமைக்கு 2 கிலோ ஒரு ஆளுக்குக் காணும். 2024 டிசம்பரில அரசாங்கம் நாட்டரிசிக்கு கிலோ 230 எண்டு உச்சவிலை போட்டது, அந்த விலைக்குப் பாத்தா 2 கிலோ 460, உங்கட ஒண்டரைப் பார்சல் காசு கூட வரேல்ல. அதை விட, நீங்கள் முழங்காவில் பிள்ளை, மொட்டைக்கறுப்பன் நெல்லு விளையிற பூநகரி மண்ணுக்காரி, நீங்கள் ரவுணில பக்கற் அரிசி வாங்கத் தேவையில்லை. காலபோகம் வெட்டி முடியுற மாசி பங்குனியில ஊரில அரிசி மலிவா வரும், வீட்டுக்குப் போற நேரமெல்லாம் ஒரு 5 கிலோவைக் கட்டிக்கொண்டு வாங்கோ. நாச்சிக்குடாப் பக்கத்துக் கருவாடும் அப்பிடித்தான், ரவுண் விலைக்கும் கரை விலைக்கும் வித்தியாசம் இருக்கு. அம்மாவைக் கொண்டு மிளகாய்த்தூள் இடிப்பிச்சு ஒரு போத்தல் கொண்டு வந்தா மாசக்கணக்கா வரும். வீட்டுக்குக் காசு அனுப்புற பிள்ளை வீட்டில இருந்து சாமான் கொண்டு வாறதில ஒரு வெக்கமும் இல்லை.

மற்றதுகளில பருப்பு அரைக் கிலோ, முட்டை ஏழு, நெத்தலி 100 கிராம், தேங்காய் ரெண்டு, மா ஒரு கிலோ, வெங்காயம், புளி, தேயிலை, சீனி, பிறகு மரக்கறியும் இலையும். எல்லாம் சேர என்ர கணக்கில 2500ஐ ஒட்டி வரும், தேங்காய் விலை ஏறுற கிழமையில 2800 ஆகும். மரக்கறியைப் பொழுதுபடுற நேரம் சந்தைக்குப் போய் வாங்குங்கோ, கட்டப்போற நேரம் கீரையும் கத்தரியும் விலை இறக்கித்தான் குடுப்பினம். முருங்கையிலைக்குக் காசு குடுக்காதேங்கோ, கரடிப்போக்குப் பக்கம் எத்தினை வளவில மரம் நிக்குது, கேட்டா முறிச்சுத் தருவினம். இரத்தம் குறைஞ்ச உடம்புக்கு அந்த இலை வறை நல்லது, மேல கொஞ்சம் தேசிப்புளி விடுங்கோ, சாப்பிட்ட கையோட ரீ குடிக்காதேங்கோ, தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில சேர விடாது. ஒரு மணித்தியாலம் கழிச்சுக் குடியுங்கோ.

ஒண்டை வடிவாக் கவனியுங்கோ, வன்னி வெக்கையில விடிய வைச்ச பால்கறி பின்னேரம் புளிச்சிடும், தனிய இருக்கிற ஆக்கள் கனபேர் ஒரு நாளைக்குச் சமைச்சு அரைவாசியைக் கொட்டுறது இதாலதான். பருப்பைத் தேங்காய்ப்பால் விடாமல் உப்பு மஞ்சள் போட்டு அவிச்சு வையுங்கோ, இரவில சாப்பிட முதல் ஒருக்காக் கொதிக்க வைச்சு, தேவையான அளவை மட்டும் எடுத்துப் பால் விட்டு இறக்குங்கோ. புளி விட்ட கருவாட்டுக் குழம்பு சூடாக்கி வைச்சா அடுத்த நாள் மத்தியானத்துக்கும் நிக்கும், கடைக்குக் கட்டிக்கொண்டு போறதுக்கு அதுதான் தோது. மிஞ்சின சோத்துக்குத் தண்ணி விட்டு வைச்சா விடியப் பழஞ்சோறு, வெங்காயமும் பச்சைமிளகாயும் கடிச்சுச் சாப்பிட்டால் பணிசு வாங்கத் தேவையில்லை. ஒரு நாளைக்கு ஒரு முட்டை கட்டாயம், அதில கணக்குப் பாக்காதேங்கோ.

சவுக்காரம், பற்பசை, நப்கின், ரிலோட் எல்லாத்துக்கும் 700 ஒதுக்குங்கோ. நப்கினை கடைசி நேரம் மருந்துக்கடையில வாங்காமல் சம்பளம் எடுத்த கிழமையே வாங்கி வையுங்கோ, அதில மிச்சம் பிடிச்சுத் துணியை நாள் முழுக்க மாத்தாமல் இருக்கிற பிள்ளையளைத் தெரியும், அது வருத்தத்தைக் கொண்டுவரும். ஷாம்பூ, சலவைத்தூள், தேயிலை எல்லாம் சின்னச் சின்னப் பக்கற்றா வாங்குறது மலிவு மாதிரித் தெரியும், கிராம் கணக்குப் பாத்தா அதுதான் விலை கூட. கொப்பிக் கடனை ஒரேயடியா அடைக்க ஏலாது, மிஞ்சுற காசில கிழமைக்கு 500 எண்டு குடுத்து வாங்கோ, குடுக்கிற நேரம் உங்களுக்கு முன்னால கொப்பியில வெட்டச் சொல்லுங்கோ. அந்தக் கடனை அடைக்க கிழமைத்தவணை லோன் குடுக்கிற ஆக்களிட்ட மட்டும் போகாதேங்கோ. எங்கட மாவட்டங்களில எத்தினை பொம்பிளையள் ஒரு லோனை அடைக்க இன்னொரு லோன் எடுத்து வீட்டை விட்டு ஓடுற நிலைக்கு வந்தவை, உங்களுக்கே தெரியும்.

கேள்வி: வவுனியா பல்கலைக்கழகத்தில படிக்கிறம், பம்பைமடுவில பக்கத்துப் பக்கத்து அறையில நாலு பெடியள். பிரிட்ஜ் இல்லை. இரவில கொத்து, இல்லாட்டி நூடுல்ஸ். கிழமைக்கு ஆளுக்கு 3000க்குள்ள நல்லாச் சாப்பிடலாமோ?
- நாலு பேர், பம்பைமடு

பதில்: நாலு பேரும் நாலு அடுப்பு வைச்சா ஏலாது, ஒரு பானை எண்டா ஏலும். ஆளுக்கு 2000 போட்டா 8000, அதில 8 கிலோ அரிசி, ரெண்டு கிலோ பருப்பு, ஒரு தட்டு முட்டை, சோயாமீற், மரக்கறி எல்லாம் அடங்கும், மிச்சம் 1000 அவரவர் கைச்செலவு. சோயாமீற்றை சுடுதண்ணியில ஊறப்போட்டு நல்லாப் பிழிஞ்சு பிறகு வதக்குங்கோ, கனபேர் பிழியாமல் போட்டிட்டு வெடுக்கு எண்டு சொல்லுறது. பிரிட்ஜ் இல்லாதது ஒரு குறையே இல்லை, அண்டண்டைக்கு மரக்கறி வாங்கிற ஆளுக்கு அது தேவையுமில்லை. ஆர் எந்த நாள் சமைக்கிறது, ஆர் கழுவுறது எண்டு எழுதி ஒட்டுங்கோ, இப்பிடிச் சேர்ந்து சமைக்கிற இடங்கள் காசால உடையிறதில்லை, கழுவாத சட்டியால தான் உடையிறது. பரீட்சை நேரத்திலயும் அதை விடாதேங்கோ.

கேள்வி: தனி ஆளுக்கு 2.3 கிலோ காஸ் சிலிண்டர் நட்டமோ?
- மல்லாவி வாசகர்

பதில்: கிலோக் கணக்குப் பாத்தா 12.5 கிலோவுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஒரேயடியாக் கனகாசு குடுக்கத் தேவையில்லாததால கையில குறைவா இருக்கிற ஆளுக்கு இது நல்லது. 2022ல காஸ் வரிசையில நாள் கணக்கா நிண்டது மறந்திருக்காது, அதால வளவில ஒரு மூண்டு கல்லு அடுப்பையும் கொஞ்ச விறகையும் நனையாமல் வைச்சிருங்கோ. அரிசி, பருப்பு, கௌபி எல்லாத்தையும் ஊறப்போட்டு மூடி வைச்சு அவிச்சா காஸ் இன்னும் கன நாள் வரும்.

கேள்வி: எனக்கு 72 வயசு, ஒட்டுசுட்டான் பக்கம் தனிய இருக்கிறன். மனிசி போய் ரெண்டு வருசம். மகன் வெளியில, சில மாசம் காசு வரும், சில மாசம் வராது. வளவில முருங்கை, தேசி, நாலு தென்னை நிக்குது, ஆனா ஒரு ஆளுக்கு அடுப்பு மூட்ட மனம் வருகுதில்லை. 2009ல செட்டிகுளம் முகாமில வரிசையில நிண்டு சோறு வாங்கேக்க கூடப் பக்கத்தில மனிசி நிண்டவ. இப்ப ரெண்டு நேரமும் பாணும் பிளேன்ரீயும். காசு மிஞ்சுது, உடம்பு இளைச்சுப் போச்சு.
- ஒரு அப்பா, ஒட்டுசுட்டான்

பதில்: ஐயா, உங்கட கடிதத்தை வாசிச்சிட்டு கன நேரம் ஒண்டும் எழுத ஏலாமல் இருந்தனான். மனிசி இல்லாத குசினியில நிக்கிறது எவ்வளவு கஷ்டம் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, அதால "சமையுங்கோ" எண்டு சும்மா சொல்ல மாட்டன். சமைக்காமலே நல்லாச் சாப்பிட வழி இருக்கு. தேங்காய் இப்ப விக்கிற விலையில நாலு தென்னை நிக்கிற வளவு சின்னச் சொத்தில்லை. பக்கத்து வீட்டில சமைக்கிற ஆக்களிட்டக் கேளுங்கோ, கிழமைக்கு இத்தினை தேங்காயும் முருங்கையிலையும் என்ர பங்கு அரிசியும் தாறன், மத்தியானம் ஒரு கோப்பை சோறு கறி எனக்கும் போடுங்கோ எண்டு. இது பிச்சை இல்லை, கொடுக்கல் வாங்கல், எங்கட ஊர்களில முந்தியும் இப்பிடித்தான் நடந்தது. ஏலுமெண்டா அங்கயே இருந்து சாப்பிட்டிட்டு வாங்கோ, தனிய இருந்து திண்டால் ரெண்டு வாய்க்கு மேல இறங்காது.

இரவுக்குப் பாணை விட்டிட்டு கஞ்சி குடியுங்கோ, ஒரு பிடி அரிசியும் ஒரு பிடி பயறும் போட்டு ஒரு பானையில அவிச்சு, கடைசியாத் தேங்காய்ப்பாலும் முருங்கையிலையும் போட்டு இறக்கினா முடிஞ்சுது. ரெண்டு மூண்டு ஊர்க்கோழி வளத்தா முட்டைக்குக் கடைக்குப் போகத் தேவையில்லை, வளவில ஒரு சத்தமும் இருக்கும். உடம்பு இளைச்சது பாணால மட்டும் எண்டு நினைக்காதேங்கோ, சீனி வருத்தம் இருந்தாலும் இளைக்கும், மாங்குளம் இல்லாட்டி மாஞ்சோலை ஆசுப்பத்திரி கிளினிக்கில இந்த மாசமே காட்டுங்கோ.

காசு விசயத்தில, 70 வயசு தாண்டின வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு முதியோர் கொடுப்பனவு இருக்கு, 2023ல தொடங்கின அஸ்வெசும எண்ட அரசாங்க நிவாரணக் கொடுப்பனவும் இருக்கு. மகன் வெளியில எண்டதால கிடைக்காது எண்டு நீங்களே முடிவெடுத்திட்டு இருக்காதேங்கோ, மாசாமாசம் காசு வாறதில்லை எண்டதைச் சொல்லி விண்ணப்பியுங்கோ. முதல்ல கிராம சேவையாளரிட்டப் போங்கோ, பிறகு பிரதேச செயலகம். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், மனிசியின்ர மரணச் சான்றிதழ் மூண்டிலயும் போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டு போங்கோ, குடுத்த விண்ணப்பத்துக்குத் திகதியோட ஒரு துண்டு எழுதி வாங்கி வையுங்கோ.