பூங்குருவி வால்பேப்பர்: அசல் எது, எத்தனை ரோல்?

கேள்வி: கிழக்கு லண்டனில் விக்டோரியா காலத்து வீடு வாங்கியிருக்கிறோம். படுக்கையறையில் ஒரு சுவருக்கு மட்டும் 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸின் 'ஸ்ட்ராபெரி தீஃப்' (ஸ்ட்ராபெரித் திருடன்) வால்பேப்பர் ஒட்ட ஆசை. கடையில் சொல்லும் விலையில் பாதிக்கும் குறைவாக ஆன்லைனில் அதே டிசைன் கிடைக்கிறது. அது போலியா? சுவர் 4 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம். எத்தனை ரோல் தேவைப்படும்?

பதில்: போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். மோரிஸ் இறந்தது 1896-இல். அவர் வரைந்த டிசைன்களுக்குப் பதிப்புரிமை முடிந்து பல காலம் ஆகிறது. யாரும் அச்சிட்டு விற்கலாம். அசல் வால்பேப்பர் என்றும் ஒன்று கிடையாது. 1883-இல் அவர் இதை வரைந்தது பருத்தித் துணிக்கு. அவருடைய கெல்ம்ஸ்காட் வீட்டுத் தோட்டத்தில் ஸ்ட்ராபெரிப் பழங்களைக் கொத்திக்கொண்டு போன பூங்குருவிகள்தான் அதில் இருக்கின்றன. துணி முழுவதையும் அவுரி நீலத்தில் முக்கியெடுத்து, பூவும் பறவையும் வரவேண்டிய இடத்தில் நீலத்தை வெளுத்து, அங்கே சிவப்பும் மஞ்சளும் ஏற்றினார்கள். இங்கிலாந்துக்காரர்களுக்குப் பூப்போட்ட பருத்தியின் மேல் மோகம் வந்ததற்கு நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன சீட்டித் துணி முக்கியமான காரணம். அதை உடுத்தக்கூடாது, வீட்டிலும் பயன்படுத்தக்கூடாது என்று 1721-இல் சட்டமே போட்டார்கள். எனக்கு இந்த டிசைன் மேல் தனிப் பிரியம் வந்ததே இதனால்தான்.

ஆகவே பெயரைப் பார்க்காமல் அச்சைப் பாருங்கள். வால்தம்ஸ்டோவில் வில்லியம் மோரிஸ் காலரி இருக்கிறது, அனுமதி இலவசம். மோரிஸின் டிசைன்களை அங்கே நேரில் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்டு, இரண்டு இடத்திலும் சாம்பிள் வாங்குங்கள். குருவியின் மார்பில் இருக்கும் புள்ளிகளைக் கவனியுங்கள். நல்ல அச்சில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக நிற்கும். மட்டமானதில் சாம்பலாக இழுகியிருக்கும். அளவு கொடுத்து அச்சிட்டு வாங்கினால், ஆன்லைன் வாங்கலுக்கு உள்ள 14 நாள் ரத்து உரிமை பொருந்தாது. சாம்பிள் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

ரோல் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வழக்கமான ரோல் 52 செ.மீ. அகலம், 10.05 மீட்டர் நீளம். மேலிருந்து கீழாக ஒட்டும் ஒவ்வொரு துண்டும் ஒரு பட்டை; உங்கள் சுவருக்கு 8 பட்டைகள். வெற்றுத்தாள் என்றால் ஒரு ரோலில் 4 பட்டை வரும், 2 ரோல் போதும். பூ டிசைனில் 'ரிப்பீட்' உண்டு, அதாவது டிசைன் ஒருமுறை முடிந்து மறுபடி தொடங்கும் நீளம். அது 64 செ.மீ. என்றால், பக்கத்துப் பட்டையோடு குருவி பொருந்த ஒவ்வொரு பட்டையையும் 2.56 மீட்டராக வெட்டவேண்டும். நாலு பட்டைக்கு 10.24 மீட்டர், 19 செ.மீ. குறைகிறது! ரோலுக்கு 3 பட்டைதான், எனவே 3 ரோல். லேபிளில் ரிப்பீட் அளவைப் பார்த்து நீங்களே கணக்குப் போடுங்கள். எல்லா ரோலிலும் பேட்ச் எண் (ஒரே தடவையில் அச்சிட்டதற்கான எண்) ஒன்றாக இருக்கட்டும். பிறகு தனியாக ஒன்று வாங்கினால் நிறம் மாறும்.

கேள்வி: அதே சுவரில் பழைய தாளைக் கிழித்தபோது, அடியில் பச்சை நிறப் பூத்தாள் தெரிந்தது. சுரண்டி எடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து நிறுத்துங்கள். 19-ஆம் நூற்றாண்டு வால்பேப்பர் பலவற்றில் ஆர்செனிக் என்ற நஞ்சு கலந்த சாயம் உண்டு. பச்சையில்தான் அதிகம், மற்ற நிறங்களிலும் இருந்தது. மோரிஸின் ஆரம்பகாலத் தாள்களிலும் அது இருந்தது. அவர் குடும்பம் பங்கு வைத்திருந்த டெவன் சுரங்கமே ஆர்செனிக் எடுத்து விற்றது. உலர்வாகச் சுரண்டினாலோ உப்புத்தாள் போட்டாலோ தூசி மூச்சில் போகும். எரிக்கவும் கூடாது. சிறு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதியுங்கள். முடிவு வரும்வரை குழந்தைகளை அந்த அறையில் படுக்க வைக்காதீர்கள். ஆர்செனிக் இருந்தால், எடுக்கும் வேலையைப் பழக்கமுள்ள ஆட்களிடம் விடுங்கள். ஜன்னல் சட்டங்களின் பழைய பெயின்ட்டில் ஈயமும் இருக்கலாம், அதையும் சேர்த்தே சோதிக்கக் கொடுங்கள்.